கடல் உட்கார்ந்த பந்தி

முத்துநகை என்ற அந்தச் சின்ன உல்லாசக் கப்பலுக்குக் கடல் முதன்முதலாகச் சாப்பிட வந்தது காரைக்காலிலிருந்து புறப்பட்ட இரண்டாம் நாள் மதியம். வந்ததும் எல்லோரையும் போல வாசலில் கிடந்த மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் போல ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வைத்திலிங்கத்தின் பின்னால் வரிசையில் நின்றது. வைத்திலிங்கம் முதுகில் ஏதோ ஈரம் படுகிறதே என்று சட்டையைத் தொட்டுப் பார்த்தார், திரும்பிப் பார்த்தார், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சாம்பார்ப் பாத்திரத்தையே முறைத்தார். அந்த நேரத்தில் அவருக்குச் சாம்பார்மேல் இருந்த கோபத்தில் கடலெல்லாம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கப்பலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத் தாளில் போட்டிருந்த நீச்சல் குளமும் கண்ணாடி லிஃப்ட்டும் வேறு ஏதோ பெரிய கப்பலுடையவை. முத்துநகையில் இருந்தது ஒரே ஒரு கூடம். காலையில் அங்கே இட்லி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டால் அதுவே கச்சேரி மேடை. பரிமாறுகிறவனும் பாடுகிறவனும்கூட ஒரே ஆள்தான், தூத்துக்குடி ஜெரோம். பகலில் கையில் கரண்டி, மாலையில் மைக். இதனால் ஒரு சங்கடம் இருந்தது. மதியம் பொரியலில் குற்றம் சொன்னவர்களுக்கு மாலையில் அவன் பாட்டுக்குக் கை தட்டக் கூச்சமாக இருந்தது. மாலையில் அவன் மிமிக்ரிக்குச் சிரித்தவர்களுக்கு மறுநாள் பொரியலில் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே பயணிகளில் பாதிப்பேர் சாப்பாடு தேவலை, கேளிக்கைதான் மோசம் என்றும், மீதிப்பேர் கேளிக்கை தேவலை, சாப்பாடுதான் மோசம் என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டும் மோசம் என்று ஏறிய அன்றே அடித்துச் சொன்னவர் வைத்திலிங்கம் ஒருவர்தான்.

அவர் சொல்லை அவ்வளவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் மனிதர் எந்தச் சாப்பாட்டையும் முழுசாகச் சாப்பிட்டவரே இல்லை. உத்தியோகம் முழுக்கச் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில். ரசத்துக்கு வரும்போது மணி அடிக்கும், கையை உதறிவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். ரயில்கள் அவரை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் ரசம் வந்ததும் எழுந்துவிடுகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. அவர் எழுந்த பிறகு மனைவி சிவயோகம் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். பருத்தித்துறையில் பிறந்து, சின்ன வயதில் ஒரு படகில் மாற்றுத்துணிகூட இல்லாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். பரிமாறும்போது ஊர்க்கதை ஏதாவது தொடங்குவாள், அநேகமாக அக்கா மனோன்மணியைப் பற்றி. கதை பாதிக்கு வரும்போது ரசம் வந்துவிடும், இவர் எழுந்துவிடுவார், அவளும் அத்தோடு நிறுத்திக்கொள்வாள். இப்படியாக அவருக்குத் தன் மனைவி சொன்ன எல்லாக் கதைகளிலும் முன்பாதிதான் தெரியும்.

ஒரு நல்ல புடவை வேண்டும் என்றுகூடக் கேட்டறியாத அந்த சிவயோகம், இந்தக் கப்பலில் போகலாம் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, விளம்பரத் தாளைப் பார்த்து ஏமாந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

இனிக் கடலுக்கு வருவோம். தட்டோடு வரிசையில் நின்ற கடலைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்களுக்கு உடம்பு கூசியது. அதில் ஈரோட்டு ஜவுளிக்காரர் குழந்தைசாமி, நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல சாப்பாட்டுக்காரர், அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க தம்பி, நாம இத்தன பேரு அவுங்க மேல மெதந்துட்டுப் போறோம். அவுங்களையே தட்டத் தூக்கிட்டு நிக்க வெச்சா நல்லாவா இருக்குது? எலை போட்டு ஒக்கார வைங்க."

"கடைசி நாள் விருந்துக்குன்னு எலைக்கட்டு இருக்கு அண்ணாச்சி, போட்டுருதேன்" என்று ஜெரோம் ஓடினான். மேசைகளைச் சேர்த்து நீளமாகப் போட்டார்கள், இலை விரித்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். கடலை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் பெரியவர்களாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். கடலுக்கு வலப்பக்கம் சிவயோகத்துக்கும் அதற்கடுத்து வைத்திலிங்கத்துக்கும் இடம் அமைந்தது. ஜெரோம் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் உப்பு வைத்துக்கொண்டே வந்தவன், கடலின் இலையிலும் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் கடலின் இலையையே பார்த்தார்கள். கடல் அந்த உப்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தது, தன் வீட்டில் கட்டிக்கொடுத்த பண்டம் சம்பந்தி வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. பிறகு தலையை ஆட்டியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள், ஜெரோம் சோறு போட்டான்.

அப்போதுதான் கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, அடைகாக்கிற கோழி மாதிரி வாகாகக் கீழே உட்கார்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்குச் சுற்றிலும் ஈர மணல்தான் தெரிந்தது, பாறை, பாசி, அங்கங்கே குட்டை, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு உள்ளே வந்துவிட்ட பிறகு கடல் வெளியில் எப்படி இருக்கும்? ஒலிபெருக்கியில் கேப்டனுடைய குரல் வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. கடல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் கப்பல் சற்றுத் தாமதமாகப் புறப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." கப்பலில் ஏறியதிலிருந்து வைத்திலிங்கம் மனதார மெச்சிய முதல் விஷயம் அந்த அறிவிப்புதான். காரணத்தைச் சொல்லித் தாமதத்தை அறிவிக்கத் தெரிந்த ஆள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது ரசம் வந்தது, எழுந்துவிட்டார்.

பந்தியில் பாதியில் எழுந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? வரிசை முழுக்கக் கைகள் அந்தரத்தில் நின்றன. கடல் அவரை நிமிர்ந்து பார்த்தது. கோபமெல்லாம் இல்லை, தன்னோடு உட்கார்ந்து சாப்பிட முடியாத அளவுக்கு இவருக்கு என்ன மனக்குறை என்று யோசிக்கிற பார்வை. சிவயோகத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடலின் பக்கம் குனிந்து, "அவர் எப்பவும் அப்பிடித்தான், நீங்கள் குறை நினையாதேங்கோ, சாப்பிடுங்கோ" என்றாள். தமிழ்நாட்டில் எத்தனையோ காலம் இருந்து மற்றவர்களோடு இங்கத்துப் பேச்சே பேசிப் பழகியவளுக்குக் கடலோடு பேசும்போது மட்டும் ஊர்ப்பேச்சு தானாக வந்தது.

சாப்பிட்டு முடித்த கடல், இலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவளைத்தான் பார்த்தது. அவள் தன் இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடக்கிக் காட்டினாள். "நல்ல நாள் விருந்தெண்டால் இப்பிடி எங்கட பக்கம் மடக்க வேணும். உறவு நிக்கோணும் எண்டு அர்த்தம். செத்த வீட்டுச் சாப்பாடெண்டால் மற்றப் பக்கம்." கடல் அதைக் கவனமாகப் பார்த்து, அதேபோலத் தன் பக்கமாக மடித்தது, ஆனால் உடனே எழவில்லை. குழந்தைசாமி பாயசத்தை மூன்றாம் முறை வாங்கி வழித்துக்கொண்டிருந்தார். அவர் வழித்து முடித்து இலையை மடிக்கும்வரை கடல் கையைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து, குழாயடியில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கியது. அடுத்த நிமிஷம் கப்பல் மிதந்தது.

மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. பார்க்க எப்படி இருந்தது என்று பின்னால் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். வயசான அம்மாள் என்றார்கள், கறுத்த ஆள் என்றார்கள், ஒரு பல் டாக்டரின் மனைவி அச்சு அசல் எங்கள் மாமனார் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தால் குளிரும், ரொம்ப மரியாதை, பசியோடு வரும் என்ற மூன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். பெயர் சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரும் 'அவங்க' என்றே பேசினார்கள். மீன் போடலாமா கூடாதா என்று பெரிய விவாதம் நடந்தது; கப்பலில் வந்து மீன் இல்லாமல் சாப்பிடுவதா என்று ஒரு கட்சி, வீட்டுக்காரர் கண்முன்னே அவர் பிள்ளைகளைத் தின்பதா என்று ஒரு கட்சி. சமையற்காரர் காஜா பயந்துபோய் வஞ்சிர வறுவலைத் துண்டு போட்டு மூடி ஒளித்துவைத்தார். கடல் மணத்தை வைத்துக் கண்டுபிடித்து, தானே போய் அந்தத் தட்டை எடுத்துவந்து, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்துக் குழந்தைசாமியின் இலையில் வைத்தது. விவாதம் அத்தோடு முடிந்தது.

விருந்தாளி வருகிறதென்றால் வீடு மாறத்தானே செய்யும். காஜா சாம்பாருக்குப் பருப்பை நன்றாக வேகவைத்தார். ஜெரோம் மாலைக் கச்சேரியை மதியத்துக்கு மாற்றி, பரிமாறிக்கொண்டே பாடினான். கடல் சிரித்தால் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடும், அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனுக்கு உற்சாகம் பிறந்து, யாரும் அதுவரை கேட்டிராத நல்ல நகைச்சுவையெல்லாம் அவன் வாயில் வந்தது. முன்னதாகச் சாப்பிட்டவர்கள் கீழே இறங்கி மணலில் உலாவினார்கள், கிளிஞ்சல் பொறுக்கினார்கள், பாறைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பந்தியில் கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை கடல் எழாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், கேப்டன் ஒலிபெருக்கியில், "குழந்தைசாமி அவர்கள் பாயசத்துக்கு வந்துவிட்டார், உலாவப் போனவர்கள் கப்பலுக்குத் திரும்பவும்" என்று அறிவிப்பார். எழுந்துவிட்டால் கடலுக்குப் பிடி கிடையாது, வந்த வேகத்தில் வந்துவிடும். பாறையில் கழற்றி வைத்த எத்தனையோ செருப்புகள் அப்படித்தான் போயின.

வைத்திலிங்கம் மட்டும் தினமும் ரசத்தில் எழுந்தார். கடல் தினமும் அவரை அதே பார்வை பார்த்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், கப்பல் போகவேண்டிய தூரம் போய் இனித் திரும்ப வேண்டும் என்கிற இடத்துக்கு வந்தது. காலையிலிருந்தே சிவயோகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றாள். காபி குடிக்கக் கூப்பிட வந்த வைத்திலிங்கம் அவள் பார்க்கிற திசையில் பார்த்தார். வானம் முடிகிற இடத்தில் மை தீட்டின மாதிரி ஒரு கோடு.

"இஞ்சேருங்கோ, அது தெரியுதே? பருத்தித்துறைப் பனையள்."

அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். "இதுக்குத்தான் வந்தியா, யோகம்?"

"ஓம். கப்பல் இவ்வளவு கிட்டப் போகுமெண்டு அந்தத் தாளில படம் கீறியிருந்தவை."

அங்கே போவதற்கு அவள் அலையாத அலைச்சல் இல்லை. போன இடத்திலெல்லாம் அங்கே பிறந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். அது வீட்டோடு எரிந்துபோயிருந்தது. இதெல்லாம் வைத்திலிங்கத்துக்குத் தெரியும். அவருக்குத் தெரியாததை அவள் இப்போது சொன்னாள்.

"அக்காவுக்கு ஏலாமல் போச்சு. படுத்த படுக்கை. போனில கதைச்சால் என்ர குரல் அவவுக்குப் பிடிபடுதில்லை. ஆர், ஆர் எண்டு கேக்கிறா. முகத்தைக் கண்டால் பிடிபடும். இண்டைக்கு அவங்க சாப்பிட வரேக்க நான் நடந்து போகப் போறன்."

"அவ்வளவு தூரமா? என் முட்டியை வச்சிக்கிட்டு..."

"நீங்கள் வர வேண்டாம். நீங்கள் சாப்பாட்டில இருந்து எழும்பாமல் இருந்தால் அது போதும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்டவை இரண்டு. ஒன்று இந்தக் கப்பல், இன்னொன்று இது. ஊரே கூடி அவரைக் கப்பலைத் தூக்கச் சொல்லியிருந்தால்கூட முயன்று பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பார். சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பது தன்னால் ஆகிற காரியமா என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

சின்னக் கப்பலில் எதையும் மறைக்க முடியாது. மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காஜா உலையில் கூடுதலாக அரிசி போட்டார். பாயசத்தில் ஒரு டப்பா எடுத்து மூடி சிவயோகத்திடம் கொடுத்தார். கேப்டன் வந்து, பயணி கப்பலை விட்டுப் போவது விதிப்படி தப்பு என்று ஆரம்பித்தவர், தொலைவில் தெரிந்த அந்தப் பனை வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அறிவிப்பு எதுவும் கிடையாது, மைக் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். கூடப் போகிறோம் என்றவர்களைக் குழந்தைசாமி தடுத்தார். "நடக்கறதுக்கு அந்தம்மா போதுமுங்க. நமக்குப் பந்தியிலதான் ஆளு வேணும்."

கடல் வந்தது, காலைத் துடைத்தது, உட்கார்ந்தது. கப்பல் மணலில் இறங்கியது. சிவயோகம் அன்றைக்கு ஜெரோமின் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தானே கடலின் இலையில் முதல் சோற்றைப் போட்டாள், நெய் விட்டாள். பிறகு புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கடலுக்கும் கேட்கும்படியாகவே கணவனிடம், "போட்டு வாறன்" என்று விடைபெற்றாள். அவளுக்குப் போட்ட இலை கடலுக்கும் வைத்திலிங்கத்துக்கும் நடுவில் வெறுமனே கிடந்தது. கடல் அதைப் பார்த்துவிட்டுத் தன் சோற்றைப் பிசைந்தது.

பந்தி தொடங்கியது. அப்படியொரு பந்தியை யாரும் அதற்குமுன் சாப்பிட்டதில்லை, அதற்குப் பின்னும் சாப்பிடவில்லை. சாம்பாருக்குப் பிறகு வற்றல்குழம்பு, வற்றல்குழம்புக்குப் பிறகு மறுபடி சாம்பார், ரசம் வருகிற அறிகுறி தெரிந்தாலே யாராவது மோர்க்குழம்பு கேட்டார்கள். ஜெரோம் தனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பாடினான், தெரியாத பாட்டைத் தானாகக் கட்டிப் பாடினான், ரயில் மாதிரி கூவினான், கிளி மாதிரி பேசினான், தூத்துக்குடி மீன் ஏலத்தை ஒற்றை ஆளாக நடத்திக் காட்டினான், டம்ளர்கள் ஆடின. சும்மா உட்கார்ந்திருந்தால் கணக்கில்லை என்பதும் தெரிந்தது. கைகள் ஓய்ந்தால் கடல் மெல்ல இலையின் மேல் விளிம்பைத் தொடும். உடனே நாலு பேர் அவசரமாகப் பிசைவார்கள்.

ரசம் வந்தது. வைத்திலிங்கத்தின் கால்கள் தாமாக எழப் பார்த்தன, மேசைக்கடியில் பாதத்தைப் பாதத்தால் மிதித்துக்கொண்டார். ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மிளகும் புளியும் நெய்யும் தொண்டையில் இறங்கின, அடடா, இதைத்தானா இத்தனை வருஷமும் விட்டுவிட்டு எழுந்து ஓடினோம் என்றிருந்தது. யோகம் வைக்கிற ரசம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகு என்று பக்கத்தில் கேட்டவரிடம் சொன்னார், ஆனால் மிளகு இல்லை. அவள் சொன்ன கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்காவும் அவளும் கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டு என்ன செய்தார்கள்? பனங்கிழங்கு அவித்த அன்றைக்கு வாசலில் வந்து நின்றது யார்? படகு புறப்படும்போது அக்கா கரையிலிருந்து ஓடிவந்தாளே, வந்து என்ன சொன்னாள்? எல்லாவற்றுக்கும் அவரிடம் முன்பாதிதான் இருந்தது. பின்பாதி அவளோடு மணலில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியது. பல் டாக்டர் முதலில் இலையை மடித்தார், அவர் மனைவி மடித்தாள். வெட்கத்தோடு ஒவ்வொருவராக மடித்தார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, யாரைக் குறை சொல்வது? ஜெரோமின் குரல் கம்மிப்போய்க் காற்றுதான் வந்தது. கடைசியில் குழந்தைசாமியும் இலையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஏனுங்க மாஸ்டர், மன்னிச்சுக்கோங்க. எம்பட வாழ்க்கையில மொதத் தடவயா போதும்னு சொல்றனுங்க."

இப்போது சாப்பிடுகிறவர் வைத்திலிங்கம் ஒருவர்தான். ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார். கறிவேப்பிலையைக்கூட மென்று தின்றார். காஜா வந்து கவிழ்த்த பானையைக் காட்டிக் கையை விரித்தார். இலையில் மிச்சம் ஒரு கவளம் மோர்ச்சோறு. அதை உருட்டினார், பிரித்தார், மறுபடி உருட்டினார். ஜன்னலில் மணல்தான் தெரிந்தது, அவள் நடந்த தடம் தெரிந்தது, அவள் தெரியவில்லை. பனைக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா, பாதி வழியில் நிற்கிறாளா, காலில் ஏதாவது குத்தி உட்கார்ந்துவிட்டாளா, யாருக்குத் தெரியும்? கவளத்தை வாயருகே கொண்டுபோனார், இறக்கினார். கடல் பக்கம் திரும்பி, அதுவரை யாரிடமும் பேசியறியாத குரலில், "அவ இன்னும் போயிருக்க மாட்டா" என்றார்.

கடல் அவரைப் பார்த்தது. அதன் இலை எப்போதோ காலியாகியிருந்தது, கை காய்ந்திருந்தது. நடுவில் கிடந்த வெறும் இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடல் தன் உள்ளங்கையைக் குழித்து ஜெரோமின் பக்கம் நீட்டியது.

"மோர்" என்றது. அந்தக் கப்பலில் கடல் பேசியது அந்த ஒரு சொல்தான்.

மோர்ச்சட்டியிலும் ஒன்றும் இல்லை. ஜெரோம் சட்டியைக் கழுவி, அந்த வெள்ளைத் தண்ணீரில் இரண்டு கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு, கடலின் கையில் ஊற்றினான். கடல் அதை உறிஞ்சிக் குடித்தது, மறுபடி கையை நீட்டியது. அவன் ஊற்றினான், அது குடித்தது. வெள்ளை நீர் தீர்ந்து வெறும் தண்ணீர் ஊற்றினான், அதையும் மோர் என்றே குடித்தது. எழுந்துபோனவர்கள் எல்லோரும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். வைத்திலிங்கம் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து, நீட்டி, குடித்து, நீட்டி, மேற்கு ஜன்னல்கள் செம்மஞ்சளாக மாறிய நேரத்தில், கடல் கையை நீட்டாமல் நிறுத்தியது. எங்கேயோ தொலைவில் தன் காலில் ஏதோ பட்டதுபோலக் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கவனித்தது. பிறகு இலையின் மேல்பாதியைப் பிடித்தது.

எந்தப் பக்கம் என்று எல்லோரும் பார்த்தார்கள். கடல் இலையைத் தன் பக்கமாக மடித்தது. அதை நீவிவிட்டு, கையை எட்டி, சிவயோகத்தின் வெறும் இலையையும் அதே பக்கமாக மடித்து வைத்தது. வைத்திலிங்கம் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினார். தன் இலையை மடித்தார். இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். குழாயடியில் கடல் அவருக்கு வழிவிட்டு நின்றது. அவர் கழுவிய பிறகு தான் கழுவிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, படியிறங்கிப் போனது. மறுநாள் அது சாப்பிட வரவில்லை.

காரைக்காலில் இறங்குகிற இடத்தில் ஜெரோம் நின்று, குரல் இன்னும் திரும்பாத தொண்டையால் ஒவ்வொருவரிடமும் சாப்பாடு எப்படி, நிகழ்ச்சி எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"சார், நீங்க ஒண்ணுஞ் சொல்லலையே?"

"ரசம் நல்லாயிருந்துதுப்பா" என்றார் வைத்திலிங்கம். ஒரு கையில் தன் பெட்டி, இன்னொரு கையில் அவளுடைய பை. பையைக் கீழே வைக்கப் போகும்போது சட்டைப்பையில் போன் அடித்தது, தெரியாத நம்பர்.

"சாப்பிட்டனீங்களே?" என்றாள் சிவயோகம்.

"ஆச்சு. நீ? அக்கா?"

"விறாந்தையிலதான் படுத்திருந்தவ. நான் படலையைத் திறந்துகொண்டு வாறன், கால் முழுக்கச் சேறு. அவ தலையை நிமித்தி என்ர முகத்தைப் பார்த்தா. பார்த்துப்போட்டு..."

அவ்வளவில் நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கம், கதை பாதிக்கு வந்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. வைத்திலிங்கம் துறைமுகத்துச் சிமெண்ட் தரையில் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"நான் இன்னும் எழுந்திருக்கலை, யோகம். நீ சொல்லு."